கோட்டைக் கல்லில் இரண்டு கயல்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாயிலில் இரண்டு கயல்களும் தமிழ் எழுத்துகளும் பொறித்த கல்லொன்று இருக்கிறது. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் தொடக்கிய கோட்டை அது. 1639இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ தம் ஆட்சிப் பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டையே தடைசெய்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் வந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் ஊர் ஊராகச் சென்று திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 2015இல் அவர் புனிதரானார்.

தடைகள் நீங்கியது 1806இல், பிரித்தானியர் காலத்தில்.

திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் கூடைப்பந்து இத்தனை ஆழமாக வேரூன்றியது எப்படி? அதற்கும் திருச்சபை வரலாற்றையே புரட்ட வேண்டும். 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தை இயேசு சபையினர் பொறுப்பேற்றார்கள். 1940களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து அச்சபையின் குருக்கள் வந்தார்கள். பாடப் புத்தகத்தோடு பந்தையும் மாணவர் கையில் கொடுத்தவர்கள் அவர்களே.