காற்றை அடிப்பவர்கள்

தொலைக்காட்சியில் எப்பொழுதாவது கோல்ப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் உள்ளவர்கள் கிரிக்கெட்டைத் தேடிக்கொண்டு போகிற வழியில் அந்தக் காட்சி ஒரு நிமிஷம் தட்டுப்படும். பச்சைப் பசேலென்ற புல்வெளி. நடுவே ஒரு மனிதர். அவர் காலடியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளைப் பந்து. இதோ அடிக்கப் போகிறார் என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். மனிதர் மட்டையை ஓங்குகிறார், வீசுகிறார். பந்தோ இருந்த இடத்திலேயே இருக்கிறது! அடி விழுந்தது காற்றுக்கு. மறுபடி ஓங்குகிறார், மறுபடியும் காற்றுக்கே அடி.

"இதென்னடி கூத்து! இத்தனை பணம் பரிசு வாங்குகிறவனுக்குப் பந்து எங்கே இருக்கிறதென்று தெரியவில்லையா?" என்று கேட்காத பாட்டி உண்டா?

பாட்டியின் கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் கோல்ப் ஆட்டத்தின் பாதி ரகசியம் தெரிந்த மாதிரி.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 18 குழிகள் உள்ள மைதானத்தைச் சுற்றி வரச் சுமார் நாலு மணி நேரம் ஆகும். நல்ல ஆட்டக்காரர் அதற்குள் 70 அடி அடிப்பார். மட்டையை ஓங்கி வீசி முடிக்க ஓர் அடிக்கு இரண்டு விநாடிக்கு மேல் ஆகாது. ஆக மொத்தம் 140 விநாடி. இரண்டரை நிமிஷம் கூட இல்லை! மிச்ச நேரமெல்லாம் நடப்பது, நிற்பது, யோசிப்பது.

இந்த யோசிப்பதுதான் ஆபத்து. கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. கவலைப்பட அவகாசம் இல்லை. கோல்ப் பந்தோ பரம சாதுவாகப் புல்லில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் எப்பொழுது வேண்டுமானாலும் அடியுங்கள்" என்கிறது. அவகாசம் கிடைத்தால் மனசு சும்மா இருக்குமா? "இடது பக்கம் குளம் இருக்கிறதே! வலது பக்கம் மரமாயிற்றே! நேற்றும் இங்கேதானே தப்பாக அடித்தோம்!" என்று கிளறத் தொடங்கிவிடுகிறது. உடனே தோள் இறுகுகிறது, கை விறைக்கிறது. அப்புறம் பந்து குளத்துக்குப் போகாமல் வேறு எங்கே போகும்?

மனசுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் ஒத்திகை வீச்சும், அதற்கு முன்னும் பின்னும் வரும் சடங்குகளும். வாசலில் பெரிய கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். மாவை எடுத்ததும் புள்ளி வைத்துவிடுவதில்லை. தள்ளி நின்று இடத்தை ஒரு பார்வை பார்க்கிறார்கள். எத்தனை புள்ளி கொள்ளும் என்று மனத்துக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். பிறகு குனிந்தால் கை தயங்காமல் ஓடுகிறது. கோல்ப் வீரரின் காரியமும் இதுவேதான்.

இதில் பெரிய ஞானி அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ். உலகின் தலையாய பந்தயங்களில் 18 முறை பட்டம் வென்றவர். அவர் 1974-ல் வெளியிட்ட புத்தகத்தில் தம் முறையை விளக்கியிருக்கிறார். ஒவ்வோர் அடிக்கு முன்பும் மனத்துக்குள் ஒரு சினிமா ஓட்டுவாராம். அந்த சினிமா பின்னாலிருந்து தொடங்குகிறது என்பதுதான் வேடிக்கை! முதலில், பந்து போய் விழுந்து நிற்க வேண்டிய இடம். அடுத்து, அது அங்கே பறந்து போகிற பாதை. கடைசியில், அப்படிப் பறக்கவைக்கிற வீச்சு. படம் முடிந்ததும் பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு புல்லையோ சருகையோ குறி வைத்துக்கொள்வார். இருநூறு கஜத்துக்கு அப்பால் இருக்கும் கொடியை நேர் பார்ப்பதைவிட, காலடியில் இருக்கும் சருகை நேர் பார்ப்பது சுலபம் அல்லவா?

இன்னொருவர் பென் ஹோகன். 1949-ல் அவருடைய காரில் ஒரு பஸ் மோதியது. மனைவியைக் காப்பாற்ற அவள் மேல் பாய்ந்து மறைத்துக்கொண்டார். அந்தப் பாய்ச்சலே அவர் உயிரையும் காப்பாற்றியது. பலத்த காயங்களிலிருந்து மீண்டு மறு வருஷமே அமெரிக்க ஓபன் பட்டம் வென்றார். பந்தின் பின்னால் மட்டையை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுவார்களே, அது வெறும் நடுக்கம் அல்ல, வரப்போகும் அடிக்குச் சிறு ஒத்திகை என்று அவர் 1957-ல் வந்த தமது நூலில் எழுதினார்.

இனி நம்மவர்களுக்குப் பிடித்த கதைக்கு வருவோம். ஸ்வீடன் தேசத்து அன்னிகா சோரன்ஸ்டாமின் குரு பியா நில்ஸன் என்ற பெண்மணி. பியாவும் அவருடைய தோழி லின் மேரியட்டும் ஒரு யுக்தி சொல்லிக் கொடுக்கிறார்கள். பந்துக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு இருப்பதாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் யோசிக்கும் அறை. எந்த மட்டை, எத்தனை தூரம், காற்று எந்தப் பக்கம் என்ற விசாரமெல்லாம் இங்கே. ஒத்திகை வீச்சும் இங்கேதான். கோட்டைத் தாண்டினால் ஆடும் அறை. அங்கே யோசனைக்கு இடம் இல்லை. குறியைப் பார்க்க வேண்டியது, அடிக்க வேண்டியது. சந்தேகம் வந்துவிட்டால் அங்கேயே நின்று தவிக்கக் கூடாது. கோட்டுக்குப் பின்னால் திரும்பிவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2001 மார்ச்சில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் அன்னிகா ஒரே சுற்றை 59 அடியில் முடித்தார். பெண்களின் தொழில்முறைப் பந்தயத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத சாதனை. 2003-ல் டெக்ஸாஸில் ஆண்களுக்கான பந்தயத்திலேயே போய் நின்றார். 1945-க்குப் பிறகு எந்தப் பெண்ணும் அப்படி ஆடியதில்லை. சுற்றிலும் பெருங்கூட்டம், அத்தனை பேர் கண்ணும் ஒரு பெண்ணின் கைமேல்! முதல் பந்தை ஒழுங்கான பாதையில் அடித்துவிட்டு, முழங்கால் தள்ளாடுவது போல நடித்துக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். இரண்டு சுற்றுக்குப் பின் அவருக்கு மேலே போக இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முதல் அடியை யாரும் மறக்கவில்லை.

சடங்கு நல்லது என்பதற்காக அதிலேயே மூழ்கிவிட்டால்? 2012-ல் பிளேயர்ஸ் பந்தயத்தில் கெவின் நா மூன்று சுற்று முடிவில் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு வந்த சங்கடம் விசித்திரமானது. பந்துக்கு முன் நின்று மட்டையை ஆட்டுவார், ஆட்டுவார். அடிக்க மட்டும் கை வராது. ஒத்திகை வீச்சு, பின்வாங்கல், மறுபடி ஒத்திகை. கூட்டம் பொறுமை இழந்து கூச்சல் போட்டது. கடைசிச் சுற்றில் 76 அடித்து ஏழாவது இடத்துக்கு நழுவினார். ஸ்பெயினின் செர்ஜியோ கார்சியாவும் 2002-ல் மட்டையைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, அந்தத் தடவைகளை ஜனங்கள் உரக்க எண்ணும்படி ஆயிற்று.

ஒத்திகை எப்பொழுது உபத்திரவமாகிறது? ஸயன் பைலாக் என்ற மனத்தத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. புதிதாகக் கற்பவர்களையும் கைதேர்ந்தவர்களையும் பந்தைக் குறிக்கு உருட்டச் சொன்னார்கள். ஒரு முறை நிதானமாக, ஒரு முறை வேகமாக. அவசரப்படுத்தியபோது புதியவர்கள் தடுமாறினார்கள். தேர்ந்தவர்களோ அவசரத்தில்தான் நன்றாக ஆடினார்கள்! பழகிய கைக்கு மனசு வழி சொல்லப் போனால் கை குழம்பிவிடுகிறது.

ஆட்ட விதிகளும் இதை அறிந்தவை போலத்தான் இருக்கின்றன. ஒத்திகை வீச்சு இத்தனைதான் என்று வரம்பு கிடையாது. பந்தை அடிக்கும் எண்ணம் இல்லாததால் அது கணக்கிலும் சேராது. ஆனால் முறை வந்த பிறகு 40 விநாடிக்குள் அடித்துவிட வேண்டும் என்று 2019 முதல் விதிப் புத்தகமே யோசனை சொல்கிறது. மணல் குழிக்குள் ஒத்திகை வீச்சு மணலைத் தொட்டால் தண்டனை உண்டு.

ஒத்திகையிலேயே பந்து பட்டுவிட்டால்? அந்த வேடிக்கையும் நடந்தது. 2019-ல் அகஸ்டா மைதானத்து மாஸ்டர்ஸ் பந்தயம். 2007-ல் அங்கே பட்டம் வென்ற ஸாக் ஜான்ஸன் 13-வது குழிக்குப் பந்தை 'டீ' மேல் வைத்தார். (குடிக்கிற டீ அல்ல, பந்தைத் தாங்கும் சின்ன முளை.) ஒத்திகையாகத்தான் மட்டையை வீசினார். அதன் நுனி பந்தில் இடறி, பந்து பக்கத்தில் இருந்த எல்லைக் கட்டையில் மோதித் தெறித்தது! நல்ல வேளை, முதல் அடிக்கு முன் 'டீ'யில் நடந்ததால் தண்டனை இல்லை. மறுபடி வைத்து ஆடினார். அதுவே நடுப் புல்வெளியில் நடந்திருந்தால் ஓர் அடி தண்டம்.

ஓர் அடி என்ன பிரமாதம் என்று எண்ணிவிடாதீர்கள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கைக் கேட்டால் தெரியும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலு நாள் ஆடி நாலாவது இடத்தில் வந்தார். வெண்கலப் பதக்கம் ஒரே ஓர் அடியில் கைநழுவியது. மட்டைப் பையைச் சுமந்து மைதானம் முழுவதும் கூட நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி! யோசனை சொல்லலாம், தூரம் கணக்கிடலாம், தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் 2019 விதிப்படி, ஆடுகிறவர் பந்தருகே நிலை எடுக்கத் தொடங்கிவிட்டால், பை சுமப்பவர் பின்னால் நின்று நேர் பார்த்துச் சொல்லக் கூடாது. பெற்ற தாயானாலும் விலகித்தான் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டிய பிறகு மகளுக்குத் துணை, அவள் பழகி வைத்திருக்கும் அந்தச் சில விநாடிச் சடங்குதான்.

ஆகையால், அடுத்த தடவை ஒருவர் காற்றை அடிப்பதைப் பார்த்தால் சானலை மாற்றிவிடாதீர்கள். அவர் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பந்து போக வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு வீசினால் அது ஒத்திகை. தம் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வீசினால் மனசு யோசிக்கும் அறையை விட்டு இன்னும் கிளம்பவில்லை என்று அர்த்தம். அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். 40 விநாடி தாண்டியும் காற்றுக்கே அடி விழுந்துகொண்டிருந்தால், பாட்டியையும் கூப்பிட்டுத் தாராளமாகச் சிரிக்கலாம்.