நீர் மாத்திரைகள் சிறுநீரகத்தில் செயல்படும் விதம்

கால் வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர்கள் எழுதித்தரும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகள் மக்கள் வழக்கில் ‘நீர் மாத்திரை’ என்ற ஒரே பெயரைப் பெற்றிருந்தாலும், அவை சிறுநீரகத்தின் வெவ்வேறு இடங்களில் செயல்படுகின்றன. அந்த இடமே ஒவ்வொன்றின் வலிமையையும் பக்கவிளைவையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டியும் அதைத் தொடரும் நீண்ட குழாயும் கொண்ட அலகுகள், இருக்கின்றன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டினாலும், குழாயின் சுவர்கள் அதில் பெரும்பகுதியை இரத்தத்துக்கே மீட்டுவிடுவதால், ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. சோடியம் மீளும் வழியில் நீரும் மீளும் என்பதால், பெரும்பாலான சிறுநீர்ப்பெருக்கிகள் சோடியத்தின் மீட்சியையே தடுக்கின்றன.

குழாயின் முதற்பகுதி சோடியத்தில் ஏறக்குறைய 65 விழுக்காட்டை மீட்கிறது. ஆயினும் அங்கே செயல்படும் அசெட்டசோலமைடு வலிமை குறைந்த மருந்தாகவே இருக்கிறது. அது தப்பவிடும் சோடியத்தை அடுத்துவரும் பகுதிகள் பிடித்துக்கொள்வதே காரணம்.

அடுத்துள்ள ஹென்லே வளைவு சுமார் 25 விழுக்காட்டை மீட்கிறது. அதற்கு அப்பால் மீட்கும் திறன் குறைவு என்பதால், இங்கே சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றைச் சேர்த்துக் கடத்தும் புரதத்தைத் தடுக்கும் ஃபுரோசமைடு மிக வலிமையான சிறுநீர்ப்பெருக்கியாகிறது. இம்மருந்து முதற்பகுதியின் செல்களால் குழாய்க்குள் சுரக்கப்பட்டு, சிறுநீர் ஓடும் பக்கத்திலிருந்தே செயல்படுகிறது. ஆகவே சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது.

வளைவைக் கடந்த பகுதியில், சுமார் 5 விழுக்காடு சோடியம் மீளும் இடத்தில், தயசைடு மருந்துகள் செயல்படுகின்றன. மிதமான வலிமை கொண்ட இவை இரத்த அழுத்தத்தைக் குறைக்கப் பயன்படுவதோடு, சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதையும் குறைப்பதால், கால்சியக் கற்கள் திரும்பத் திரும்ப வருவோருக்கும் தரப்படுகின்றன. ஃபுரோசமைடு, தயசைடு ஆகிய இரண்டுமே குழாயின் இறுதிப் பகுதிக்கு அதிகச் சோடியத்தை அனுப்புகின்றன. அங்கே சோடியம் உள்ளே இழுக்கப்படும்போது பொட்டாசியம் வெளியே தள்ளப்படுவதால், தசைச்சோர்வும் இதயத்துடிப்புக் கோளாறும் நேரலாம்.

இந்த இழப்பைத் தடுப்பவை அமிலோரைடும் ஸ்பைரனோலாக்டோனும் ஆகும். முன்னது சோடியம் நுழையும் வாயிலை நேராக அடைக்கிறது. பின்னது உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனைத் தடுப்பதால், முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். கடுமையான இதயச் செயலிழப்பில் ஸ்பைரனோலாக்டோன் உயிரிழப்பைக் குறைப்பதை 1999-இல் வெளியான ஆய்வொன்று நிறுவியது. எனினும், இவ்வகை மருந்து எடுப்போரின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும் என்பதால், பொட்டாசியம் செறிந்த இளநீரையும் உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியக் கலவைகளையும் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது.

ஒரு நீர் மாத்திரை பொட்டாசியத்தை இறக்க, மற்றொன்று அதை ஏற்றுகிறது. ஆகவே ஒருவருக்குத் தந்த மாத்திரையை மற்றவர் விழுங்குவதும், வீக்கம் வடிந்ததும் தாமாகவே அளவை மாற்றுவதும் ஆபத்தானவை. மருத்துவர் சொல்லும் காலத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் அளவுகளை இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் பிரிக்க முடியாத பகுதியாகும்.