கோல்ஃப்: ஸ்கோரின் பாதியை வீட்டு மாடியிலேயே பழகலாம், எப்படி?

கோல்ஃப் என்றாலே 250 மீட்டர் பறக்கும் அடிதான் நினைவுக்கு வரும். ஸ்கோர் கார்டு வேறு கதை சொல்கிறது. பார் 72 மைதானத்தில் 18 குழிகள். குழிக்கு 2 பட் என்ற கணக்கில் 36 அடிகள் பட்டருக்கே போகுது. சரிபாதி! டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் 4-வது இடம் பிடித்தார். இன்னும் ஒரே ஒரு அடி குறைந்திருந்தால், வெள்ளி, வெண்கலத்துக்கான பிளே ஆஃபில் அவரும் நின்றிருப்பார். அவ்வளவு தூரம் அவரைக் கொண்டுவந்ததில் பட்டிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் பாதியைப் பழக மைதானம் வேண்டாம், 10 அடி இடம் போதும்.

நிஜப் புல்லா, செயற்கைப் புல்லா?

நிஜப் புல்லை மறந்துடுங்க. கிரீனில் புல்லை 3-4 மில்லிமீட்டருக்கு, அநேகமாகத் தினமும் வெட்டணும். வீட்டில் அது நடக்காது. அதேபோல பால்கனி அலங்காரத்துக்கு விற்கும் நீளமான செயற்கைப் புல்லில் பந்து நேராக உருளாது. குட்டையான, அடர்த்தியான ‘பட்டிங் டர்ஃப்’ என்று கேட்டு வாங்குங்க.

மாடியில் குழி தோண்டலாமா?

கூடவே கூடாது. நிஜக் குழியின் விட்டம் 108 மி.மீ., ஆழம் குறைந்தது 4 அங்குலம். அதுக்காகத் தளத்தைத் துளைத்தால் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரை ஒழுகும். ஒரு 10 ரூபாய் நாணயம் போதும். நிதானமான வேகத்தில் நாணயத்தின் மேல் உருண்டுபோகும் பந்து நிஜக் குழியில் விழுந்திருக்கும்.

மழைநீர் வடிய மொட்டை மாடிக்கு ஏற்கெனவே லேசான சரிவு இருக்கும். வளைந்து போகும் பட் பழக அது இலவச வசதி. விரிப்பை ஒட்டிவிடாதீங்க, வடிகால் வாயை மறைக்காமல் விரித்து, மழைக்கு முன் சுருட்டி வையுங்க. வாடகை வீடு என்றால் ஓனரிடம் ஒரு வார்த்தை.

சிப்பிங்கில்தான் ஆபத்து

ஒரு பந்தின் எடை கிட்டத்தட்ட 46 கிராம். கிளப்பின் கீழ் விளிம்பு பட்டுவிட்டால் அது தாழ்வாக, வேகமாகச் சீறும். கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தெருவில் போகிறவர் தலை. அதனால் மாடியில் ஸ்பாஞ்ச் பந்து மட்டுமே. 3 மீட்டர் தள்ளி ஒரு துணிக்கூடை இலக்கு. இன்னொரு சிக்கல்: பந்துக்கு முன்பே தரையில் பட்டாலும் மேட்டில் கிளப் வழுக்கிப்போய் அடி நன்றாகவே தெரியும். மைதானத்தில் அதே அடி மண்ணில் புதையும். பந்துக்கு 4 அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்க. துண்டில் பட்டால் அடி தப்பு.

எந்தத் தூரம்?

பிஜிஏ டூர் வீரர்களே 8 அடியிலிருந்து ஏறக்குறைய பாதி பட்களைத்தான் போடுகிறார்கள். நாம் 3 முதல் 5 அடிக்குள் நிற்பதே லாபம். பட்டர் மட்டும் நுழையும் இடைவெளியில் இரண்டு டீ-களை வைத்து நடுவே அடிங்க. ஆனால் வேகம் வீட்டில் பிடிபடாது. கிளப் கிரீனுக்கும் உங்கள் விரிப்புக்கும் வேகம் ஒத்துப்போவது அபூர்வம். அதுக்கு, ஆட்டம் தொடங்கும் முன் அங்கேயே 10 நிமிடம் நீண்ட பட் அடித்துப் பாருங்க.