காபிப்பொடி நிறமும் 0.45 வோல்ட்டும்

மாருதி 800 கார்புரேட்டரோடு ஓடிய காலத்தில், கலவை சரியாக இருக்கிறதா என்று பார்க்க பிளக்கைக் கழற்றினால் போதும். முனையில் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காபிப்பொடி நிறமா? கை வைக்காதே. மெக்கானிக் வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிக் காது கொடுப்பார், வேலை முடிந்தது.

அதற்கு முன்பே வெளிநாட்டில் இந்த வேலை சென்சாரின் கைக்குப் போய்விட்டது. பாஷ் செய்த லாம்டா சென்சார், அதாவது ஆக்ஸிஜன் சென்சார், 1976-ல் வால்வோ கார்களில் ஏறியது. நம் பெட்ரோலிலோ அப்போது ஈயம். அது பட்டால் சென்சாரும் பாழ், கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் பாழ். ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கும், 2000-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அதை ஒட்டித்தான் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின்கள் பெருகின, ட்யூனிங் ஸ்க்ரூ காணாமல் போனது.

இன்று டேஷ்போர்டில் என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ‘பி0171, லீன்’, அதாவது காற்று அதிகம், என்று வருகிறது. பல கடைகளில் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிப் பில் போட்டுவிடுகிறார்கள். சில நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜன் எவ்வளவு என்பது மட்டுமே சென்சாருக்குத் தெரியும். அது எந்த வழியாக வந்தது என்று தெரியாது. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியேறும். இரண்டுக்குமே சென்சார் ‘காற்று அதிகம்’ என்றுதான் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் விழும், பிளக் கறுக்கும். ஸ்கேனர் ‘லீன்’ என்கிறது, பிளக் கரியைக் காட்டுகிறது. அந்த முரண்பாடே பாதி நோயைச் சொல்லிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

விவரம் தெரிந்தவர் சென்சாரைக் கழற்றுவதற்கு முன் அதைச் சோதிப்பார். சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது சரியாக வேலை செய்யும் என்பதால் முதலில் வண்டியை நன்றாக ஓடவிடுவார். பிறகு ஆக்சிலரேட்டரைச் சட்டென மிதித்தால் மல்டிமீட்டரில் சென்சாரின் அளவு 0.8 வோல்ட்டைத் தாண்ட வேண்டும், விட்டதும் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். மடமடவென்று ஏறி இறங்கினால் சென்சார் மேல் குற்றமில்லை, கோளாறு வேறிடத்தில். சோம்பலாக ஏறினால் வயதாகிவிட்டது. நடுவில் 0.45-லேயே நின்றால் வயரிங்கையும் ஹீட்டரையும் பார்க்க வேண்டும்.

பி.எஸ்.6 புகை விதி வந்தபின் பல கார்களில் வைட்பேண்ட் என்ற வேறு வகை சென்சார். அதில் இந்த வோல்ட் கணக்கு செல்லாது. மல்டிமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, லாம்டா அளவை ஸ்கேனரில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கேஸ்கெட் கசிவும் மிஸ் அடிக்கும் சிலிண்டரும் அதையும் ஏமாற்றும்.