உயரம் மாற்றும் வேலைத் தாங்கி

ஒரு தொழிலாளியின் திறமையைப் புகழும்போது நாம் அவன் கையிலுள்ள கருவியையே நோக்குகிறோம். அவன் முன்னுள்ள பொருள் எந்த உயரத்தில், எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை நோக்குவதில்லை. தரையில் குந்தி, முதுகை வளைத்து வேலை செய்பவன் விரைவில் களைத்துவிடுகிறான். அசையும் பொருள்மீது வேலை செய்பவனோ விரலையே பணயம் வைக்கிறான்.

புனேயை அடுத்த ஆகுர்டி ஸ்கூட்டருக்குப் பெயர்பெற்ற இடம். 1959-இல் இருசக்கர, மூன்றுசக்கர வண்டிகளைச் செய்ய அரசாங்க உரிமம் பெற்ற பஜாஜ் ஆட்டோ நிறுவனம் அங்கே தொழிற்சாலை நடத்தியது. மகாராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் தாங்கிய ‘சேத்தக்’ ஸ்கூட்டர் 1972-இல் வெளிவந்து நாடெங்கும் ஓடிற்று. பெரிய தொழிற்சாலையின் கோப்பு வரிசையில் வண்டி தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் வருகிறது. தெருவோர மெக்கானிக்கோ கழற்றிய எஞ்சினைத் தரையில் வைத்தே பழுது பார்க்கிறார். அந்த உயரத்தைச் சிறு பட்டறையிலும், வீட்டிலுங்கூட, நாமே அமைத்துக்கொள்ள இயலும்.

அதற்கு வேண்டியவை இரண்டு தாங்கிகளும் அவற்றின்மேல் இடும் ஒரு கனமான பலகையும். ஒவ்வொரு தாங்கிக்கும் 50 மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாய் ஒன்றும், அதனுள் ஏறி இறங்கும் 40 மில்லிமீட்டர் குழாய் ஒன்றும் தேவை. இரண்டின் தகடும் 3 மில்லிமீட்டர் தடிப்புடையதாகவும், நீளம் 600 மில்லிமீட்டராகவும் இருக்கட்டும். வெளிக்குழாயின் அடியில், 600 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு இரும்புச் சட்டங்களைக் கூட்டல் குறிபோல் வைத்துப் பற்றவைக்க வேண்டும். உட்குழாயின் தலையில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதன்மேல் பலகையை முடுக்க வேண்டும்.

இனிப் பூட்டைக் கவனிப்போம். உட்குழாயில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இடவேண்டும். வெளிக்குழாயில் இரண்டே துளைகள் போதும். ஆனால் அவற்றின் இடைவெளி 75 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். அப்போது மேல்துளையையும் கீழ்த்துளையையும் மாறிமாறிப் பயன்படுத்தி, உயரத்தை 25 மில்லிமீட்டர் அளவில் மாற்றிக்கொள்ளலாம். துளைக்கருவி ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் சற்று விலகி வெளிவருவதுண்டு. ஆகையால் எதிரெதிர் முகங்களைத் தனித்தனியே அளந்து துளையிடுவது நலம். துளைகளினூடே 12 மில்லிமீட்டர் எஃகு ஆணியைச் செலுத்தி, அது நழுவாதபடி நுனியில் ஒரு கிளிப்பு மாட்டவேண்டும்.

பக்கவாட்டில் ஒரு திருகை முடுக்கியே உட்குழாயை நிறுத்திவிடலாமே, ஆணி எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருகு உராய்வினால் மட்டுமே பிடிக்கிறது. எண்ணெய் படிந்தாலோ, சுத்தியலின் அதிர்ச்சியில் சற்றுத் தளர்ந்தாலோ அப்பிடி போய்விடும். தேர்ச் சக்கரத்துக்கு இடும் முட்டுக்கட்டையும் உராய்வை நம்பியதே. அதனால்தான் அதனருகே ஆள் விழித்து நிற்கிறான். மாட்டுவண்டியின் கடையாணி அத்தகையதன்று. சக்கரம் கழல வேண்டுமானால் ஆணியே முறியவேண்டும். நம் தாங்கியின் ஆணியும் அவ்வாறே. அது இரண்டு இடங்களில் வெட்டுண்டாலன்றி அறாது. அவ்விரு வெட்டுமுகங்களின் பரப்பு சுமார் 226 சதுர மில்லிமீட்டர். சாதாரண எஃகாயினும் இது ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும். ஆணி அறுமுன் குழாயின் துளையே நசுங்கி நீளும். ஆதலால் துளைகளை அவ்வப்போது சோதித்து, நீண்டுபோனவற்றை விலக்கிவிட வேண்டும். திருகையும் வைத்துக்கொள்ளலாம், குழாய்களின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை.

பயன்படுத்தும்போது மூன்று விதிகள் உண்டு. பாரம் இருக்கும்போது ஆணியை உருவலாகாது. உட்குழாயில் 150 மில்லிமீட்டராவது வெளிக்குழாய்க்குள் இருக்கவேண்டும். பொருளின் எடை கால்களுக்கு நடுவே இறங்கவேண்டும். ஆணி எவ்வளவு வலுவுடையதாயினும், எடை ஓரத்திற்குப் போனால் தாங்கி கவிழும். இத்தாங்கி பலகைமேல் வைத்து வேலை செய்வதற்கே உரியது. வண்டியை உயர்த்தி அதனடியில் படுத்து வேலை செய்ய இதனை நம்பலாகாது.

தூக்குவது வேறு, தாங்குவது வேறு. ஜாக்கியோ கைகளோ தூக்கட்டும்; தாங்கும் பொறுப்பு பூட்டினுடையது. இவ்வேறுபாட்டை உணர்ந்து செய்த எளிய தாங்கி, உழைப்பவரின் முதுகையும் விரல்களையும் பல்லாண்டு காக்கும்.