கருவிழிப் புண்ணும் குடியானவர்களின் கண் பாதுகாப்பும்

கழனியில் உழைப்போருக்கு நேரும் காயங்களுள், பார்வைக்கு அற்பமாய்த் தோன்றி முடிவில் பெருங் கேட்டை விளைவிப்பது கண்ணில் படும் கீறலாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையும் கதிரடிப்பும் நடைபெறுங்கால், நெற்கதிரின் நுனியோ, பதரோ, வைக்கோல் துரும்போ கண்ணில் படுவது சாதாரணம். கரும்புத் தோகை, சீமைக்கருவேல் முள், மாட்டின் வால் வீச்சு ஆகியவற்றாலும் இவ்வாறு நேர்வதுண்டு. தூசிதானே என்று அசட்டையாய் விடப்பட்ட கண்ணில் சில வாரங்களுக்குள் பூ விழுந்து பார்வை கெடுகிறது. இதற்குக் காரணமான நோய்களுள் முக்கியமானது கருவிழிப் புண்.

நோயின் தன்மை

கண்ணின் முன்புறத்தைக் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிந்த சவ்வே கருவிழி. இதன் நடுப்பாகத்தின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். இதன் மேற்றோல் கீறப்பட்ட மாத்திரத்தில் புண் உண்டாவதில்லை. சுத்தமான சிறு கீறல் இரண்டு மூன்று நாட்களில் தானே ஆறிவிடும். ஆனால் மண்ணிலும், மக்கிய தழையிலும், வைக்கோலிலும் வாழும் பூஞ்சணங்களோ, பாக்டீரியாக்களோ அக்கீறலின் வழியே உட்புகுமாயின், அவை சவ்வை அரிக்கத் தொடங்கும். புண் ஆறிய பின்னும் அவ்விடத்தில் வெண்மையான தழும்பு நிலைத்து விடுகிறது. அதையே பூ என்கிறோம்.

இப்பூஞ்சணங்கள் விவசாயிகள் அறியாதவையல்ல. வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் இனமும், ஈரம் தட்டிய நிலக்கடலையில் பூக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் இனமுமே கண்ணையும் பெரும்பாலும் தாக்குகின்றன.

மதுரையில் கண்ட உண்மைகள்

மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டில் லட்சம் பேருக்குச் சுமார் 113 பேர் இந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. அறுவடைக் காலத்தை ஒட்டிய 1994 ஜனவரி முதல் மார்ச்சு வரை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 65 பேர் முன்னர்க் கண்ணில் காயம் பட்டவர்கள். கிருமி கண்டறியப்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சணமும், பாதிப் பேருக்குப் பாக்டீரியாவும் காரணமாயிருந்தன. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆதலால் ஒருவருக்குக் குணம் தந்த மருந்தை மற்றொருவர் வாங்கிப் போடுவது அபாயகரம்.

அறிகுறிகள்

கண் சிவத்தல், வலி, ஓயாது நீர் வடிதல், வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை முதற் குறிகள். பின்னர்க் கருவிழியில் வெண்புள்ளி தோன்றும். பாக்டீரியாப் புண் பெரும்பாலும் விரைவில் முற்றும். பூஞ்சணப் புண்ணோ மெல்லப் பரவும். தொடக்கத்தில் வலி குறைவாயிருப்பதால் நோயாளி ஏமாந்து நாட்களைக் கடத்தி விடுகிறார்.

சிகிச்சை

மருத்துவர் கண்ணை மரத்துப் போகச் செய்து, புண்ணைச் சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியால் பார்த்துக் கிருமியின் வகையை அறிவார். பூஞ்சணத்துக்கு நேட்டாமைசின் என்னும் சொட்டு மருந்து பெரிதும் பயன்படுகிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்தே இம்மருந்தும் கண்டெடுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆராய்ச்சி, வொரிகொனசோல் சொட்டு மருந்தைக் காட்டிலும் இதுவே சிறந்தது என்றும், பியூசேரியம் புண்ணில் இதன் மேன்மை அதிகம் என்றும் காட்டியது. முதலில் மணிக்கொரு முறை மருந்திட வேண்டியிருக்கும். சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும். வலி நின்றதும் மருந்தை நிறுத்தலாகாது. புண் முற்றிக் கருவிழி துளைபட்டால், தானமாகப் பெற்ற கருவிழியைப் பொருத்தும் அறுவையைத் தவிர வேறு வழி அரிது. அதுவும் எப்பொழுதும் பலிப்பதில்லை.

செய்யத்தகாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும், நாக்கினால் துரும்பை எடுப்பதும் புதிய கிருமிகளைப் புகுத்தும் செயல்களாகும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பையும் வலியையும் உடனே தணிப்பதால் நோய் குணமானதாகத் தோன்றும். உள்ளே பூஞ்சணம் தடையின்றிப் பெருகும்.

செய்யத்தக்கவை

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல், சுத்தமான நீரினால் கழுவ வேண்டும். குத்தி நிற்கும் முள்ளைப் பிடுங்க முயலக்கூடாது. கண்ணை இறுகக் கட்டவும் கூடாது. உறுத்தல் நீங்காவிடில் அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேனும், புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேனும் காட்டுவது நலம். கதிரடிப்போரும், முள் வெட்டுவோரும், கரும்பு கழிப்போரும் பக்கங்களும் மறைந்த பாதுகாப்புக் கண்ணாடி அணிதல் சாலச் சிறந்தது.

கூலியாட்களுள் பலர் தாமதிப்பது அறியாமையால் மட்டுமன்று. ஒரு நாட் கூலி போய்விடுமே என்னும் அச்சத்தாலும் ஆகும். ஆகையால் நிலமுடையோர் அரிவாளும் சாக்கும் சேகரிப்பது போலவே கண்ணாடிகளையும் சேகரித்து வைத்தும், காயம் பட்டவரை அன்றைய கூலியைக் குறைக்காமல் மருத்துவரிடம் அனுப்பியும் உதவ வேண்டும். அந்த ஒரு நாட் கூலி, ஒரு குடும்பத்தின் உழைப்பாளி தம் கண்ணை இழவாமல் காக்கக்கூடும்.