ஐந்து நிமிட உரையும் ஓர் உயிரும்

நூலுக்குரிய அழகுகளைத் தொகுத்துரைத்த நன்னூலார் சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அதனையடுத்தும் வைத்தார். இம்முறை புலவர்க்கே உரியதென எண்ணுவாரும் உளர். வேலை தொடங்குமுன் தொழிலாளர்க்கு ஆற்றப்படும் பாதுகாப்புரைக்கு அஃது இன்னும் பொருந்தும் என்பது என் துணிபு. அங்கே சொல் பிழைத்தால் கெடுவது செய்யுளன்று, உயிர்.

கிணற்றில் சேறு வாரும் குழுவொன்றை நடத்தும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தாம் வாசிக்கவிருந்த உரையைத் திருத்தித் தருமாறு அண்மையில் வேண்டினார். நான்கு பக்கங்கள், உலகிலுள்ள ஆபத்துக்கள் யாவும் அதில் இருந்தன.

“தம்பி, நாளை நீர் செய்யப்போகும் வேலை யாது?” என்றேன்.

“பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுள் இறக்கி நீர் இறைப்பது, ஐயா.”

“அங்ஙனமாயின் அதனை மட்டும் பேசும்.”

ஏனையவற்றை நீக்கியபின் எஞ்சியவை சில வாக்கியங்களே. இயந்திரப் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கொல்லும் அளவில் இருக்கும்போதும் இறக்கிய விளக்கு அணையாது எரியும். ஆதலின் இயந்திரத்தைக் கிணற்றுள் வைக்கலாகாது. காற்றைக் கருவியால் சோதியாமலும், முழுவுடல் வார்ப்பட்டியும் கயிறும் பூணாமலும் எவரும் இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கி வீழ்ந்தால், மேலே நிற்பவர் கயிற்றை இழுக்கவேண்டும், தாம் இறங்கலாகாது.

இறுதி வாக்கியத்தைக் கண்டு அவர் தயங்கினார். “என் குழுவில் அண்ணன் தம்பிமார் இருக்கின்றனர், ஐயா. இறங்காதே என்று எங்ஙனம் சொல்வேன்?”

அதனாற்றான் அதனைச் சொல்லவேண்டும். அடைபட்ட இடங்களில் மாண்டவருள் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986ஆம் ஆண்டில் எழுதிற்று. அன்பு கண்ணை மறைக்கும் வேளையில் அறிவுரை செவியேறாது. காலையிலேயே, காரணத்தோடு, கயிற்றைக் கையிற் கொடுத்துக் கூறுதல் வேண்டும்.

கூறி முடித்தபின் “விளங்கிற்றா?” என வினவுதலால் பயனில்லை, தலையசைப்பே விடையாகும். “இவர் வீழ்ந்தால் நீர் முதலில் யாது செய்வீர்?” என்று ஒருவரை வினவுக. அவர் தம் வாயாற் சொல்லும் விடையே உரை பலித்தமைக்குச் சான்று.

ஆசிரிய நண்பர்களே, நீண்ட கட்டுரை வரையப் பயிற்றும் நாம், ஐந்து நிமிடத்தில் ஒரு பொருளைத் தெளிவுறச் சொல்லவும் பயிற்றுவோமாக. நம் மாணாக்கருட் பலர் நாளை மேற்பார்வையாளராய் நிற்பர். அவர் சொல்லை நம்பிச் சிலர் கிணற்றுள் இறங்குவர்.